துயர ஆற்றுப்படுத்தல்

துயர ஆற்றுப்படுத்தல் என்பது நெருங்கிய ஒருவரை இழந்தவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் பேச்சாலும் உடனிருப்பாலும் அளிக்கப்படும் மனநல உதவி ஆகும். தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்ற சொல்லே பேச்சில் வழங்குகிறது. இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்பர். ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லில் ஆறுதல் தருதல், வழிகாட்டுதல் ஆகிய இரு பொருளும் தொனிப்பதால் இக்கட்டுரை அதையே கையாள்கிறது.

குன்றாண்டார்கோவில் புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று. வெளியூர்க்காரர்கள் அதை அங்குள்ள குடைவரைச் சிவன் கோயிலால் அறிவார்கள். பிழைப்புக்காகத் திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. இத்தகைய ஊர்களில் ஒரு சாவு விழுந்தால் யாரும் மனநல ஆலோசகரைத் தேடுவதில்லை. பெரும்பாலும் தேவையும் இருப்பதில்லை. அந்த வேலையை ஊரே செய்துவிடுகிறது. ஊர் செய்ய முடியாமல் நின்றுவிடும் இடம் எது என்பதுதான் ஆற்றுப்படுத்தலைப் புரிந்துகொள்ள உதவும் கேள்வி.

பதினாறு நாட்கள்

சடங்குகள் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் பொதுவான போக்கு ஒன்று உண்டு. இழவு வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளி வீட்டிலிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோ சோறு வரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஒப்பாரியில் இறந்தவரின் பெருமை மட்டும் வருவதில்லை. வைத்துவிட்டுப் போன கடன், மாமியார் வீட்டில் பட்ட பாடு, அண்ணன் தம்பி கைவிட்டது என எல்லாம் வரும். சாதாரண நாளில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஒருத்தி அன்று ஊர் கேட்கச் சொல்லலாம். அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதே கதையை நாற்பது பேரிடம் சொல்லும்போது, நடந்தது நடந்துவிட்டது என்பதை மனம் சிறிது சிறிதாக ஒப்புக்கொள்கிறது. துயரத்தில் ஒருவர் முடிக்க வேண்டிய முதல் பணி இழப்பின் உண்மையை ஏற்பது என்று அமெரிக்க உளவியலாளர் ஜே. வில்லியம் வோர்டன் 1982இல் எழுதினார். நம் ஊர்க் கிழவிகள் அந்தப் பணியைத் திண்ணையில் உட்கார்ந்தே செய்து வந்திருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் உறவுகள் கலைந்துவிடும். பதினேழாம் நாள் காலையில் வீட்டில் இருப்பது மனைவியும் பிள்ளைகளும், மூலையில் அப்பத்தாவும்தான். கருமாதியன்று மாமன்மார் உருமால் கட்டிவிட்ட பையனுக்குப் பத்து வயதாக இருக்கலாம். "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பிளை" என்று பலர் அவனிடம் சொல்லியிருப்பார்கள். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அன்றிலிருந்து அம்மா முன்னால் அழக்கூடாது என்று அவன் முடிவெடுத்துவிடுகிறான். அம்மாவோ பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று இருக்கிறாள். ஒரே வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மறைத்து அழும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

சடங்கு சுருங்கும் சாவுகள்

ஆண்டு அனுபவித்துப் போனவரின் சாவுக்கு ஊரின் ஏற்பாடு போதும். சில சாவுகளில் அந்த ஏற்பாடே சுருங்கிவிடுகிறது. சிறு குழந்தை இறந்தால் சடங்கு குறைவு; "வேற பிள்ளை பொறக்கும்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் இறந்தவரின் உடல் வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை அந்த வீடு இழவு வீடும் இல்லை, சாதாரண வீடும் இல்லை.

தற்கொலையில் நிலைமை மிகக் கடுமை. உடற்கூறாய்வு முடிந்து வரும் உடலை அவசரமாக அடக்கம் செய்கிறார்கள். "எப்படி ஆச்சு?" என்ற கேள்வி இங்கே ஆறுதல் தருவதில்லை, விசாரணை போல ஒலிக்கிறது. வீட்டார் மாரடைப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். பொய் சொன்ன பிறகு உண்மையாக அழவும் வழியில்லை. காவல்துறை வருவதே குடும்பத்தார் மீது சந்தேகம் என்று ஊர் பேசும். உண்மையில் இயற்கைக்கு மாறான எந்தச் சாவிலும் விசாரணை சட்டப்படி நடக்க வேண்டிய ஒன்று. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. ஊர்ப் பேச்சு இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

சடங்கைத் தொடங்கவே முடியாத இழப்பும் உண்டு. இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு உடலும் இல்லை, திவசத்துக்குத் திதியும் இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தை அரசியலாக மட்டும் பார்ப்பது போதாது. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்ற பதில் கிடைக்காமல் அவர்களால் துக்கம் காக்கவும் முடியாது. போர்க்காலம் முதல் வடக்கில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இத்தகைய பாதிப்பைத் தனிமனிதரின் நோயாக மட்டும் காணாமல் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் நேர்ந்த காயமாகக் காண வேண்டும் என்று வலியுறுத்தியவர்.

ஆற்றுப்படுத்துநர் செய்வது

ஆற்றுப்படுத்துநரின் முதல் வேலை கேட்பது. "சாப்பிடுறீங்களா அக்கா, தூங்க முடியுதா?" என்று தொடங்கி, "அண்ணனைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று விட்டுவிட்டால் பெரும்பாலோர் தாமே பேசுவார்கள். எல்லோரும் தவிர்க்கும் இறந்தவரின் பெயரை அவர் தயங்காமல் சொல்வார். "விதி", "அழாதீங்க", "மனசைத் தேத்திக்குங்க" போன்றவற்றைச் சொல்லாமல் இருக்கப் பழகியிருப்பார். சொல்லக் கற்பதைவிட இது கடினம்.

துயரம் ஐந்து நிலைகளாக வரும் என்ற கருத்து இணையத்தில் பரவலாக உள்ளது. எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் அந்த நிலைகளை விவரித்தது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் கண்டவற்றைக் கொண்டு. அதை எல்லோருக்குமான படிக்கட்டாக வைத்து, "இன்னும் கோபம் வரவில்லையே" என்று தேட வேண்டியதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம் குடும்பங்களுக்கு அதிகம் பயன்படுகிறது. துயரப்படுபவர் ஒரு நேரம் இழப்பின் பக்கமும், மறுநேரம் அன்றாட வாழ்வின் பக்கமுமாக ஊசலாடுகிறார் என்பது அது. மகனை இழந்த தகப்பன் மூன்றாம் வாரமே வயலுக்குப் போய்விட்டால், "இந்த மனுசனுக்குக் கல் நெஞ்சு" என்று தாய் நினைக்கிறாள். அவரோ வயலில் தனியாக அழுதுவிட்டு, வரும் வழியில் குடித்துவிட்டு வருகிறார். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து இதைப் பேச வைப்பதே குடும்ப ஆற்றுப்படுத்தலின் மையம். பிள்ளைகளிடம் "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லாமல், வயதுக்கு ஏற்ற எளிய சொற்களில் சாவைச் சாவென்றே சொல்லவும் அவர் பெரியவர்களுக்கு உதவுவார்.

இதற்கு மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'ஸ்நேகா'வின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், உறவினரை இழந்த மீனவக் குடும்பங்களைத் தேடிச் சென்று பேசினார்கள். இவ்வுதவி கிடைக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டபோது இவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்ததை மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் 2008இல் வெளியிட்டனர்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை

துயரம் நோய் அல்ல. ஆனால் உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 வகைப்பாடு 'நீடித்த துயரக் கோளாறு' ஒன்றைச் சேர்த்துள்ளது. ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏக்கம் தணியாமல், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறி, அன்றாட வாழ்வையே முடக்கினால் அது பொருந்தும். சமூகத்தின் வழக்கத்தைக் கணக்கில் எடுத்திருப்பது சரியானது. தலைதிவசம் வரை நல்ல காரியம் எதுவும் செய்யாத வீட்டை நோயாளி வீடு என்று சொல்ல முடியாது. தானும் போய்விட வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ, உணவும் உறக்கமும் அடியோடு நின்றாலோ, நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவ உதவி தேவை.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இத்துறையில் ஒரு முன்வரலாறு உண்டு. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, 2010இல் இங்கே நடமாடும் தொலை மனநல மருத்துவப் பேருந்தை இயக்கத் தொடங்கியது. நோயாளி ஊரில் நிற்கும் பேருந்தில் இருப்பார். மருத்துவர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார். மருந்து பேருந்திலேயே கிடைக்கும். அது முதன்மையாகக் கடும் மனநோய்களுக்கான பணி என்றாலும், நோயாளியின் குடும்பத்தாரிடம் பேசுவதும் அதில் அடங்கியிருந்தது. இன்று அரசின் மாவட்ட மனநலத் திட்டமும், 2017இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம்.

ஆனால் பதினேழாம் நாள் அந்த வீட்டுத் தாய் தானாகப் போன் எடுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவள் வீட்டுப் படியேறுகிறவர்கள் கிராம சுகாதார செவிலியரும், சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரும், பையனின் வகுப்பு ஆசிரியரும்தான். இரத்த அழுத்தம் பார்த்து முடித்த பின் இன்னும் பத்து நிமிடம் உட்கார அவர்களுக்கு நேரமும் பயிற்சியும் தரப்பட்டால், மாவட்ட மருத்துவமனை வரை போக வேண்டியவர் யார் என்பது அந்தத் திண்ணையிலேயே தெரிந்துவிடும்.