நிலத்தைத் திறந்துவிட்டவர்கள்

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்குப் போகிறவர்கள், பக்கத்துப் பூங்காவில் தனியாக நிற்கும் பழைய நுழைவாயிலைப் பார்த்திருப்பீர்கள். இருபுறமும் மதில் கிடையாது. உள்ளே போய்ப் பார்க்கவும் ஒன்றும் இல்லை. 'நியூ வோர்ல்ட்' என்ற பெயர் மட்டும் மிச்சம்.

அந்த வாசலுக்குப் பின்னால் 1923 முதல் 1987 வரை ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. சிங்கப்பூரின் மூன்று 'வோர்ல்டு'களில் அதுவே மூத்தது. கிம் செங் சாலையின் கிரேட் வோர்ல்டும் கேலாங்கின் ஹேப்பி வோர்ல்டும் பிறகுதான் வந்தன.

தொடங்கியவர்கள் இரு சகோதரர்கள்: ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக். இவர்களுடைய தந்தை ஓங் சாம் லியோங், கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்பிப் பெரும் செல்வந்தரானவர். 1918இல் மறைந்தார். புக்கிட் பிரவுனில் காடு மூடிக் கிடந்த அவருடைய கல்லறையை 2006இல்தான் மீண்டும் கண்டுபிடித்தார்கள். பரப்பளவு சுமார் 600 சதுர மீட்டர். பத்து மூவறை வீவக வீடுகளை அதற்குள் அடக்கிவிடலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இறந்தவருக்கே அவ்வளவு இடம்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் நிலத்துக்கு வேலி போட்டு நாய் கட்டியிருக்கலாம். இவர்களோ சதுப்பு நிலமாக இருந்த ஜாலான் புசார் வட்டாரத்தில், சில காசு கொடுத்தால் யாரும் நுழையலாம் என்று ஓர் இடத்தை உண்டாக்கினார்கள். தருமம் இல்லை, வியாபாரம்தான். ஆனால் கிளப்புகளில் தோலின் நிறம் பார்த்து ஆளை உள்ளே விட்ட காலத்தில், காசை மட்டும் பார்த்த வாசல் அது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

நியூ வோர்ல்ட் இருந்த இடத்தை ஒட்டிப் போகும் சாலைக்குப் பெயர் கிச்சனர். முதல் உலகப் போருக்கு இங்கிலாந்து ஆள் திரட்டியபோது சுவரொட்டியில் விரல் நீட்டினாரே, அதே கிச்சனர் பிரபு. 1850இல் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் பிறந்தவர். ஆங்கிலேய வம்சாவளியில் வந்து அயர்லாந்தில் நிலபுலனோடு வாழ்ந்த குடும்பங்களை 'ஆங்கிலோ-ஐரிஷ்' என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் மேல் பெரிய பிரியம் இருந்ததில்லை. 1920களின் தொடக்கத்தில் அவர்களுடைய மாளிகைகள் பல எரிக்கப்பட்டன.

அந்த வர்க்கத்தின் இன்னொரு வாரிசு, ஓங் சகோதரர்கள் செய்ததையே அறுபது ஆண்டுகள் கழித்து வேறு மாதிரி செய்தார். ஹென்றி மவுண்ட்சார்ல்ஸ் பிரபு. லண்டனில் புத்தகப் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை 1976இல் குடும்பம் திரும்ப அழைத்தது. டப்ளினுக்கு வடக்கே, பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்லேன் கோட்டையை அவர் ஏற்றுக்கொண்டார். கோட்டை என்றால் காசு தின்னும் பூதம். கூரை மாற்றவே ஒரு சொத்தை விற்க வேண்டும். கோட்டைக்கு முன்னால் இருந்த புல்வெளியோ, இயற்கையே கட்டிய அரங்கம்போல் ஆற்றை நோக்கிச் சரிந்திருந்தது. அதில் ராக் இசைக்கு மேடை போட்டார்.

முதல் கச்சேரி 1981 ஆகஸ்ட்டில். வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாவிரதமிருந்த குடியரசுவாதக் கைதிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்த கோடை அது. அந்த நேரத்தில் ஆங்கிலோ-ஐரிஷ் பிரபு ஒருவர் ஐரிஷ் இளைஞர்களைத் தன் கோட்டைக்குக் கூப்பிட்டார். வந்தார்கள். தின் லிசி குழு வாசித்தது. அதற்கு முன்னால் மேடையேறிய இளம் குழுவின் பெயர் யு2. மறு ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ், பிறகு குயின், மடோனா. சுமார் 80,000 பேர் கொள்ளும் புல்வெளி நிரம்பியது. எல்லாம் இனிமையாகவே நடந்துவிடவில்லை. 1984இல் பாப் டிலன் கச்சேரிக்கு முந்திய இரவு கிராமத்தில் கலவரம் மூண்டு, காவல் நிலையமே தாக்கப்பட்டது. 1991இல் தீ கோட்டையின் ஒரு பகுதியைத் தின்றது. சீரமைக்கப் பத்தாண்டுகள் பிடித்தன. 2025 ஜூனில், 74 வயதில் பிரபு காலமானார்.

ஸ்லேனில் ஆண்டுக்கு ஒரு கச்சேரி நடந்தாலே அதிகம். நியூ வோர்ல்டில் ஒவ்வோர் இரவும் திருவிழா. ஒரு பக்கம் மலாய் பங்சவான் நாடகம், இன்னொரு பக்கம் சீன இசைநாடகம், நடுவில் ரோங்கெங் ஆட்டம், குத்துச்சண்டை, ராட்டினம், சாப்பாட்டுக் கடைகள். கேபரே கூடத்தில் டிக்கெட் கொடுத்தால் ஒரு பாட்டுக்குக் கூட ஆடும் பெண்கள் (அவர்கள் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது). தேக்காவிலிருந்து நடந்தே போகிற தூரம். ஒரு மேடைக்கும் அடுத்த மேடைக்கும் இடையில் பத்தடி நடந்தால் மொழி மாறிவிடும். வானொலிக்காரனாக எனக்குப் பொறாமையே வருகிறது. எங்கள் நேயர் அலைவரிசையை மாற்றினால்தான் இன்னொரு மொழி கேட்கும்.

1938இல் ஷா சகோதரர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்தார்கள். கேலாங் ஹேப்பி வோர்ல்டில் 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் வாசித்தார்கள். அதற்குப் பிறகு இங்கே கிட்டார் குழுக்கள் மழைக் காளான்களாக முளைத்தன. ரோலிங் ஸ்டோன்ஸ் 1965இலேயே கில்லிமார்ட் சாலைப் பூப்பந்து அரங்கில் பாடிவிட்டுப் போனார்கள். ஸ்லேனுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்பாக! பிறகு தொலைக்காட்சியும் குளிரூட்டிய கடைத்தொகுதியும் வந்தன. பூங்காக்கள் ஒவ்வொன்றாக மூடின.

இப்போது வாசலைத் திறப்பவர் பிரபுவும் இல்லை, தனவந்தரும் இல்லை. பெரிய மேடைகளைப் பெரும்பாலும் அரசாங்கம் கட்டுகிறது. டெய்லர் சுவிஃப்ட் 2024 மார்ச்சில் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவு பாடினார். எஸ்பிளனேட் ஆண்டுதோறும் நடத்தும் கலா உத்சவத்தில் இலவச நிகழ்ச்சிகளும் உண்டு. குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரும் தமிழ் இளைஞர்கள் பாட்டைப் பற்றிப் பேசுவதைவிட இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஒத்திகைக்கு மணிக்கணக்கில் வாடகை. மேடை கிடைப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். பாட்டு சரியாக வராவிட்டால் நாளை இரவு திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி அவர்களுக்கு இல்லை. நியூ வோர்ல்ட் மேடைக்காரர்களுக்கு அது இருந்தது. ஒருநாள் சொதப்பினாலும் மறுநாள் வேறு கூட்டம் வரும்.

ஓங் சாம் லியோங் பெயரில் ஜாலான் புசாரை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. மூத்த மகனின் பெயர் லாவ் பா சாட் பக்கத்தில் இருக்கிறது. அதுவரை ஜப்பான் ஸ்திரீட்டாக இருந்ததைப் போர் முடிந்து 1946இல் பூன் டாட் ஸ்திரீட் என்று மாற்றினார்கள். மாலையானால் அங்கே வண்டிகளை நிறுத்திவிட்டு, நடுரோட்டில் மேசை போட்டு சாத்தே சுடுகிறார்கள். எந்த மேசையிலும் யாரும் உட்காரலாம்.