பிட்டில் சொன்னதும் ஆட்டத்தில் தெரிவதும்

அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் எந்தப் பள்ளி அணியும் தனியாக ஆடுவதில்லை. மூன்று அணிகள் ஒரு கூட்டணி, எதிரே இன்னொரு மூன்று. தகுதிச் சுற்றில் யார் யாரோடு என்பது முன்கூட்டியே போட்ட அட்டவணைப்படி. காலையில் எதிரே நின்றவர்கள் மாலையில் நம் பக்கம் நிற்கலாம். தகுதிச் சுற்று முடிந்ததும், முன்னணி அணிகளான எட்டுக் கூட்டணித் தலைவர்கள், அடுத்த சுற்றுக்குத் தங்களுக்கு வேண்டிய அணிகளை எல்லார் முன்னாலும் அழைப்பார்கள்.

யாரை அழைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் ஸ்கவுட்டிங். ஸ்கோர்போர்டில் பெரும்பாலும் கூட்டணியின் மொத்தப் புள்ளிதான் தெரியும். எந்த ரோபோ உழைத்தது, எது சும்மா சுற்றியது என்று தெரியாது. அதனால் கேலரியில் ஆறு மாணவர்கள் ஆளுக்கொரு ரோபோவை ஆட்டம் முழுக்கக் கண்ணெடுக்காமல் பார்த்துக் குறிப்பார்கள். வேறு சிலர், ரோபோவைப் பழுதுபார்க்கும் பிட்டுக்கே போய் விசாரிப்பார்கள்.

கதை விடுவது பெரும்பாலும் இந்தப் பிட்டில்தான். 2024 ஆட்டத்தில் ரோபோ கடைசியில் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினால் புள்ளி. "தொங்குமா?" என்று கேட்டால், முந்தின இரவு மாட்டிய கொக்கியைக் காட்டி "தொங்குமே!" என்பார்கள். அதைப் பொய் என்பதைவிட ஆசை என்று சொல்லலாம். "கடைசி மூன்று ஆட்டத்தில் எத்தனை தடவை தொங்கியது?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். "ஒரு தடவைதான், சங்கிலி ஆடினால் கொக்கி நழுவுது" என்று சொல்லும் அணியை நம்பித் திட்டம் போடலாம். அளந்துவிட்டவர்களின் கணக்கைக் கேலரிக் குறிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. யாரை அழைக்கப் போகிறோம் என்ற பட்டியல் உள்விஷயம். "சொல்ல முடியாது" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தப்பான பட்டியலைக் கசியவிடுவதுதான் அசிங்கம். கேலரிக் கணக்கைத் தாராளமாகக் கொடுக்கலாம். கேலரியில் உட்கார வைக்க ஆறு பேர் இல்லாத சின்ன அணிதான் அடுத்த ஆட்டத்தில் நம் கூட்டாளியாக வரலாம். சில அணிகள் சேர்ந்தே குறிப்பெடுப்பதும் உண்டு. அப்போது நம் ரோபோவின் கணக்கை அடுத்த அணிப் பையன் எழுதுவது நல்லது.

"அழைத்தால் வருவீர்களா?" என்ற கேள்விக்கு மட்டும் மழுப்பவே கூடாது. ஒரு தடவை மறுத்த அணியை வேறு எந்தக் கூட்டணியும் அழைக்க முடியாது. முன்னணியில் இருந்தால் தானே தலைவராகலாம், அவ்வளவுதான். வர விருப்பமில்லை என்றால் மைக் கைக்கு வருமுன்பே, பிட்டிலேயே சொல்லிவிடுங்கள்.