சிமெண்டு ஜில்லாவின் கரிக் கணக்கு

திருமழபாடிக் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதுப்பிக்குமாறு முதலாம் ராஜராஜன் ஆக்ஞையிட்டபோது, பழைய சுவர்களிலிருந்த சாசனங்களையெல்லாம் முதலில் புத்தகத்தில் பிரதி செய்துகொண்டு, ராஜேந்திரன் காலத்தில் புதிய சுவர்களில் மறுபடி வெட்டுவித்தார்கள். தர்மம் நிலைக்கக் கணக்குப் பிசகலாகாது என்ற அந்தச் சிரத்தையை, அதே அரியலூர் ஜில்லாவில் இன்று எழுதத் தொடங்கியுள்ள கரியமில வாயுக் கணக்குக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

பூர்வகாலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பி, அரசின் டான்செம் தொடங்கி ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக் வரை பல ஆலைகள் இங்கே எழுந்திருக்கின்றன. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 டன்னைச் சூளையிலிட்டால் 44 டன் கரியமில வாயு கல்லிலிருந்தே பிரியும். நிலக்கரிப் புகை அதற்கு மேல். ஆகவே எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது. சாம்பலும் கசடும் கலந்து, சூளையில் வெந்து வரும் கிளிங்கர் என்ற கட்டியின் பங்கையும் குறைத்தாக வேண்டும்.

இதற்குத் தூண்டுகோலாக மத்திய சர்க்கார் 2023-இல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்து, 2025 அக்டோபரில் சிமெண்டு ஆலைகளுக்கு இலக்குகளையும் விதித்தது. புகையை இலக்குக்குக் கீழே இறக்கும் ஆலை கார்பன் சான்றிதழ் பெற்று விற்கலாம். மீறும் ஆலை வாங்கியாக வேண்டும். வாங்காவிடில் சான்றிதழின் சராசரி விலையைப் போல் இருமடங்கு இழப்பீடு கட்ட வேண்டும்.

ஏற்பாடு நல்லதே, ஆனால் இலக்கு உற்பத்தியாகும் டன் ஒன்றுக்குத்தானே ஒழிய மொத்தப் புகைக்கு அல்ல. டன்னுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்த ஆலை உற்பத்தியைக் கால் பங்கு பெருக்கினால், அதன் மொத்தப் புகை எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். அப்போதும் அது சான்றிதழ் விற்று லாபமடையலாம். தலைக்கு வெளியிடும் வாயுவில் உலகச் சராசரியில் பாதியையும் எட்டாத, இன்னும் கோடிக்கணக்கானோருக்கு வீடு கட்டவேண்டிய தேசத்துக்கு இச்சலுகை அநியாயமன்று. மொத்த வரம்புடன் 2005-இல் சந்தை தொடங்கிய ஐரோப்பாவும், சிமெண்டு ஆலைகளுக்குத் தேவைக்கு மிஞ்சிய அனுமதிகளை இனாமாக வழங்கி, உழையாத லாபத்துக்கு வழிவிட்டதை நாம் மறக்கலாகாது.

எனினும், தூரத்து ஆலையிடம் சான்றிதழ் வாங்கிவிட்டால் ஆகாயத்தின் கணக்கு நேராகலாமே தவிர, சுரங்கத்தின் தூசியும் லாரிகளின் இரைச்சலும் அரியலூரிலேயே தங்கிவிடுகின்றன. காலநிலை பிறழ்ந்து மழை தவறினாலும் மிகுந்தாலும் கொள்ளிடக் கரை விவசாயிக்கே நஷ்டம். ஆகையால் ஒவ்வோர் ஆலையின் மொத்தப் புகையையும் ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்துவதும், படிப்படியாக இறங்கும் உச்சவரம்பை முன்கூட்டியே அறிவிப்பதும், சுரங்கக்காரர் செலுத்தும் தொகையைச் சுரங்கப் பகுதி மக்களுக்குச் செலவிட 2015-இல் ஏற்பட்ட மாவட்ட கனிம அறக்கட்டளை முறையைப் பின்பற்றி இழப்பீட்டில் ஒரு பங்கை இத்தகைய ஜில்லாக்களுக்கே அளிப்பதும் அவசியம். இம்மூன்றும் இல்லாத வர்த்தகம் ஆலைகளுக்குள் லாபநஷ்டத்தைப் பங்கிடுமேயன்றி, நியாயத்தைப் பங்கிடாது.