கலாசாலை வாழ்வு – 7: தனியே படித்தவர்கள்

கலாசாலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே படிப்பில் பற்றிழந்து, வகுப்புக்கு வருவதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு, கடைசியில் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விலகிவிடும் மாணவனைப் பற்றிக் கேட்டால், அவனுக்குச் சிரத்தை போதாது, பள்ளியில் அஸ்திவாரம் சரியில்லை, வீட்டில் படிப்பின் அருமை தெரிந்தவர் இல்லை, கையில் பணமில்லை என்ற நான்கு காரணங்களே பெரும்பாலும் பதிலாக வரும். 1970-களின் நடுவில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூரி டிரைஸ்மனிடம் ஆசிரியர்கள் கூறியவையும் இவையே.

அங்கே கால்குலஸ் பாடம் எடுத்த கறுப்பின மாணவர்களில் பத்தில் ஆறு பேர் தோற்றார்கள், அல்லது தோல்விக்கு அடுத்தபடியான தரத்தோடு நின்றார்கள். அந்த ஒரு பாடத்தில் இடறியவனுக்கு பௌதிகமும் இன்ஜினீயரிங்கும் எட்டாமற் போய்விடும் என்பதால், இது அற்ப விஷயமன்று. டிரைஸ்மன் ஊகங்களை ஒதுக்கிவிட்டு, கறுப்பின மாணவர் 20 பேரையும், அதே பாடத்தில் சிறந்து விளங்கிய சீன வம்சாவளி மாணவர் 20 பேரையும் தேர்ந்துகொண்டு, அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று, 18 மாத காலம் கூட இருந்து கவனித்தார்.

ஆசிரியர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. தோற்றவர்களில் பலர் தத்தம் பள்ளியில் முதல் மாணவர்களாக இருந்தவர்கள்; குடும்பத்தார் அவர்களுடைய படிப்புக்காக எத்தனையோ தியாகம் செய்திருந்தார்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதை அப்படியே ஏற்று, வாரத்துக்கு எட்டு மணி நேரம் நேர்மையாக உழைத்தார்கள். ஆனால் இருபது பேரில் 18 பேர் உடன்படிக்கும் ஒருவரோடும் சேர்ந்து படித்ததே இல்லை. சீன மாணவர்களோ வாரத்துக்கு எட்டுப் பத்து மணி நேரம் தனியே படித்ததோடு, மாலைகளில் ஒன்றுகூடி, சேர்ந்து சமைத்து உண்டு, ஒருவர் விடையோடு மற்றவர் விடையை ஒப்பிட்டார்கள். ஒருவனுடைய விடை மட்டும் மாறியிருந்தால் பிழை தன்னுடையது என்று அவனுக்கு அங்கேயே தெரிந்துவிடும். ஒருவருக்குமே விடை வராவிட்டால், கணக்கே கடினமானது என்று தெளிந்து, கூச்சமின்றி ஆசிரியரிடம் போவார்கள். தனியே அமர்ந்திருந்தவனுக்கோ, விளங்காத கணக்கு ஒவ்வொன்றும் தன் அறிவின் குறைக்குச் சாட்சியாகவே தோன்றியது. பரீட்சைத் தாள் கைக்கு வரும்வரை தன் நிலையை அவன் அறிய வழியே இல்லை.

பின்தங்கியோருக்கான உதவி வகுப்புகள் அந்த வளாகத்திலும் இருந்தன. பள்ளியில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே பழகிய ஒருவன், குறையுள்ளவன் என்ற முத்திரையைச் சுமந்துகொண்டு அத்தகைய வகுப்பில் போய் உட்கார எப்படி இசைவான்? இதை உணர்ந்தமையே டிரைஸ்மனுடைய பெருமை என்பது என் அபிப்பிராயம். 1978-ல் அவர் தொடங்கிய கணிதப் பயிற்சிக் கூடம் திறமையுள்ளவர்களுக்கான இடமாகவே அறிவிக்கப்பட்டது. வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகள் ஒரு தாளில் வரும். மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து, வாதிட்டு, எழுதி, அழித்து, மறுபடி எழுதுவார்கள். நடத்துபவர் விடையைச் சொல்லிவிடாமல் அருகிலிருந்து கேள்விகளால் வழிகாட்டுவார். அக்கூடத்தில் பயின்ற கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் வெள்ளை மாணவர்களையும் ஆசிய மாணவர்களையும்கூட மிஞ்சினார்கள். 1988-ல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் ஆஸ்டின் வளாகத்திலும் இம்முறை வேரூன்றியது.

வருகைப் பதிவேட்டைக் காட்டி அச்சுறுத்துவதும், பெற்றோரை வரவழைத்துக் குறை சொல்வதும், முயன்றால் முடியும் என்று உபதேசிப்பதும், ஏற்கெனவே தனித்து நிற்பவனை மேலும் தனிமைப்படுத்துவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. கலாசாலை ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது: முதற் பரீட்சையின் முடிவு வரும்வரை காத்திராமல், வகுப்புத் தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே, உங்கள் மாணவர்களில் யார் யாரோடு சேர்ந்து படிக்கிறார்கள், யார் ஒருவரோடும் சேராமல் படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். சேராமல் இருப்பவர்களை நாலைந்து பேராக ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, நல்ல கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, நீங்களும் அவர்களோடு உட்காருங்கள்.

(தொடரும்)