மோரிஸ் மைனரின் பிரேக்: பழுதறியும் முறை

1948 முதல் 1971 வரை பிரிட்டனில் உற்பத்தியாகி, இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மோரிஸ் மைனர் காரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. பெடலை மிதித்ததும், ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழுள்ள மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய்களில் தள்ள, சக்கரங்களிலுள்ள வீல் சிலிண்டர்களின் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து, லைனிங் ஒட்டிய ஷூக்களைச் சுழலும் டிரம்மின் உட்சுவரில் அழுத்துகின்றன. நான்கு சக்கரங்களுக்கும் ஆயில் பாதை ஒன்றே என்பதால், எங்கேனும் கசிவு முற்றினால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். கேபிளால் பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே எஞ்சும்.

பழுதின் முதல் அடையாளம் பெடலில் தெரியும். ஆழமாக இறங்கும் பெடல் அடுத்தடுத்து மிதித்தபின் மேலே நின்றால், ஷூக்கள் தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருக்கக்கூடும். டிரம்மிலுள்ள துளை வழியே அட்ஜஸ்டரைத் திருகினால் இது சரியாகும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. வெளியே கசிவே இல்லாமல், அழுத்திய காலடியில் பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் உள்ளுக்குள் ஆயிலை விடுகிறது.

காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்திருப்பதே பலரையும் தேவையற்ற உதிரிபாகங்களை வாங்கவைக்கும் பழுது. இதற்கு மிக எளிய சோதனை ஒன்று உண்டு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, காற்றை வெளியேற்றுவதற்கென வீல் சிலிண்டரின் பின்புறமுள்ள நிப்பிளைச் சற்றே தளர்த்தும்போது, ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் திரும்பும் வழியின்றி உள்ளே அடைபட்டிருந்தது என்று பொருள். ஒரு முன்சக்கரத்தில் மட்டும் இப்படி என்றால் அதன் பழைய ரப்பர் குழாய் உட்புறம் உப்பி வழியை அடைத்திருக்கலாம். எல்லாச் சக்கரங்களிலும் என்றால், பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே இருக்கவேண்டிய சிறு இடைவெளி இல்லாமல், ஆயில் திரும்பும் நுண்துளை மூடியே கிடக்கலாம். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுழலாவிட்டால், துருவேறிய பிஸ்டன், தளர்ந்த ஸ்பிரிங், இறுகிய ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றையே ஆராய வேண்டும்.

துருவுக்குக் காரணம் பெரும்பாலும் பழைய ஆயிலே. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் கொதிநிலையும் இறங்குகிறது. டாட் 4 தரத்தில் புதிய ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸாக உள்ள வரம்பு, ஈரமேறியதற்கு 155 ஆகிவிடுகிறது. துரு அரித்துக் குழிவிழுந்த சிலிண்டரில் புதிய சீல் போடுவது வீண், சிலிண்டரையே மாற்றவேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடுமாதலால் டிரம்மிலுள்ள தூசியை ஒருபோதும் ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். வேலை முடிந்ததும் ஒருவர் பெடலை முழுப் பலத்தோடு மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவி, ஈரமில்லை என்று கண்ட பின்னரே வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்.