வெளியேறும் துகளின் சாட்சியம்

கடப்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் 17 லட்சம் வோல்ட் முடுக்கி, நிக்கல் போன்ற கன அயனிகளை உலை எஃகின் மேல் பாய்ச்சுகிறது. நியூட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் செய்யும் சேதத்தைச் சில மணி நேரத்தில் உண்டாக்கிப் பார்க்கும் ஏற்பாடு அது. அணுக்கள் இடம்பெயர்கின்றன, கருக்கள் இணைவதில்லை. நிக்கல் கருவில் 28 புரோட்டான்கள், இரும்புக் கருவில் 26. இரண்டும் நேர்மின் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தடையைத் தாண்ட 10 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். இந்த முடுக்கி தருவதோ சில பத்து லட்சம்தான்.

தடையைத் தாண்டும் கன அயனி இலக்குக் கருவோடு இணைந்து, கொதிக்கும் ஒரே கூட்டுக் கருவாகலாம். கொதிநீரிலிருந்து ஆவி பிரிவதுபோல் அதிலிருந்து நியூட்ரான்கள் வெளியேறும். புரோட்டானையும் ஆல்ஃபா துகளையும் அதே மின்விசைத் தடை உள்ளே பிடித்து வைப்பதால், கனமான கருக்களில் நியூட்ரானுக்கே வழி எளிது. அப்படி ஒரு கூட்டுக் கரு உருவாகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? வந்த துகளே மோதி ஒன்றைத் தட்டிவிட்டிருக்கலாமே? இந்திய இயற்பியலாளர் எஸ்.என். கோஷல் 1950இல் வெளியிட்ட சோதனை இதற்கு அழகான பதில். நிக்கல்-60 மேல் ஆல்ஃபாவையும், செம்பு-63 மேல் புரோட்டானையும் செலுத்தினார். இரு வழியிலும் பிறப்பது துத்தநாகம்-64. அதன் கிளர்ச்சி ஆற்றல் சமமாக இருந்தபோது, ஒரு நியூட்ரான், இரண்டு நியூட்ரான், புரோட்டானோடு நியூட்ரான் என வெளியேறும் விகிதங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. தான் பிறந்த வழியைக் கரு மறந்துவிட்டது.

கோஷல் எய்தவை இலேசான துகள்கள். கன அயனிக்கு இது அப்படியே பொருந்துமா என்று கேட்டால், முழுக்கப் பொருந்தாது. பிரிட், குவின்டன் இருவரும் 1961இல் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் அயனிகளைத் தங்கம், பிஸ்மத் மேல் மோதவிட்டபோது, கற்றையின் வேகத்திலேயே முன்னோக்கிப் பறக்கும் ஆல்ஃபாக்களைக் கண்டனர். கொதித்துப் பிரிந்தவை இப்படிப் பறக்கா. இவை வந்த அயனியே சிதறிய துண்டுகள். ஆகவே துகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. திசையும் வேகமும் சேர்ந்தால்தான் சாட்சியம் முழுமையாகும்.

புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில், இலக்கைச் சுற்றி நிற்கும் நீர்மம் நிரப்பிய 100 உணர்கருவிகள் நியூட்ரான் வந்துசேரும் நேரத்தை அளக்கின்றன. கூட்டுக் கரு இரண்டாகப் பிளக்கும்போது, பிளக்கும் முன் வெளியேறியவை எவை, பிளந்த துண்டுகளிலிருந்து வந்தவை எவை என்று அவற்றின் திசையும் வேகமும் காட்டிக்கொடுக்கும். உயர் கிளர்ச்சியில் முன்னவை பழைய கணக்குகள் சொன்னதைவிட அதிகம். சூடான கரு தேன் போல் பிசுபிசுப்போடு, நினைத்ததைவிட மெதுவாகப் பிளக்கிறது என்பதே இதற்குப் பலரும் ஏற்கும் விளக்கம்.