பட்டறைக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் போடுவது எப்படி?

நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு மாற்றத்தைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் தார்நாகா, லாலாகூடா, மௌலாலிப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ரயில்வேக்கோ பேங்குக்கோ பரீட்சை எழுதுவார்கள். இப்போது சிலர் மல்லாப்பூர், நாச்சாரம், செர்லப்பல்லி தொழிற்பேட்டைகளில் வாடகை ஷெட் பிடித்து, இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் போட்டுத் தொழில் நடத்துகிறார்கள். நான்கைந்து வருடம் ஓடியதும், வாடகை கொடுத்து மாளவில்லை, சொந்தமாகக் கட்டிவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. அப்பாவின் பி.எஃப். பணமும் அம்மாவின் நகையும் பேங்க் கடனும் ஒன்று சேர்கின்றன. அப்போதுதான் என்னிடம் வந்து, "சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் மாமா?" என்று கேட்கிறார்கள்.

தென் மத்திய ரயில்வேயில் இன்ஸ்பெக்டர் ஆப் ஒர்க்ஸ் என்று வேலைக்குச் சேர்ந்தவன் நான். பிறகு பதவியின் பெயர் செக்‌ஷன் இன்ஜினீயர் என்று மாறியது, வேலை மாறவில்லை. குவார்ட்டர்ஸ், கூட்ஸ் ஷெட், பிளாட்பாரக் கூரை என்று எஸ்டிமேட் போட்டே காலம் போயிற்று. ஆகவே என்னைக் கேட்டால், சதுர அடிக் கணக்கு பேச்சுக்கு உதவும், கையெழுத்துப் போட உதவாது என்றுதான் சொல்வேன்.

இந்தக் கட்டுரையில் இன்றைய விலைவாசிப் பட்டியல் இருக்காது. எழுதி அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் கம்பி விலை இரண்டு முறை மாறிவிடும். ஆனால் அளவுகள் மாறாது. எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை செங்கல், எத்தனை கிலோ இரும்பு என்பது உங்கள் கையில் இருந்தால், ரேட்டை எந்தக் கடையிலும் ஒரு நாளில் விசாரித்துவிடலாம். அளவு தெரியாமல் ரேட்டில் மட்டும் பேரம் பேசுகிறவர்களைத்தான் கான்ட்ராக்டர்களுக்கு மிகவும் பிடிக்கும்!

உதாரணத்துக்கு 40 அடி நீளம், 30 அடி அகலம் உள்ள ஷெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி. (இந்த ஊரில் மனையைக் கஜத்தில் சொல்வார்கள். ஒரு சதுர கஜம் 9 சதுர அடி.) பத்தடி உயரத்துக்கு 9 அங்குலச் சுவர், அதற்கு மேல் ஷீட், இரும்பு டிரஸ் கூரை.

முதலில் தரை. வீட்டுத் தரை வேறு, பட்டறைத் தரை வேறு. கீழே 4 அங்குலம் 1:4:8 கலவை, மேலே 6 அங்குலம் 1:1½:3 கலவை என்று வைத்துக்கொண்டால், கீழ்ப்பகுதி 400 கன அடி, மேல்பகுதி 600 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. 1:1½:3 கலவைக்குக் கன மீட்டருக்கு சுமார் 8 மூட்டை, 1:4:8 கலவைக்கு சுமார் 3½ மூட்டை சிமெண்ட் பிடிக்கும். கணக்குப் பார்த்தால் மேலே 136, கீழே 40 என்று தரைக்கு மட்டும் ஏறக்குறைய 176 மூட்டை! மூட்டை 350 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தாலும் சிமெண்டுக்கே அறுபதாயிரத்துக்கு மேல். சதுர அடி ரேட்டில் சொல்லப்படும் "தரை" பெரும்பாலும் மூன்று அங்குலத் தரைதான். ஒன்றரை டன் லேத்தை அதன் மேல் நிறுத்தினால் ஆறு மாதத்தில் வெடிப்பு தெரியும், லெவலும் போய்விடும்.

தரைக்குக் கீழே கொட்டும் மண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தரைமட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்துகிறோம் என்றால், கான்கிரீட் 10 அங்குலம் போக 14 அங்குலம் மொரம் நிரப்ப வேண்டும். சுவர் கனத்தைக் கழிக்காமல் முரட்டுக் கணக்காக 1,400 கன அடி. இது தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கிய பிறகு உள்ள அளவு. லாரியில் வருவதோ தளர்ந்த மண். கால் பங்கு கூடுதலாகக் கணக்கிட்டால் 1,750 கன அடி வாங்க வேண்டியிருக்கும். எந்த அளவுக்குப் பணம், லாரி அளவுக்கா இறுகிய அளவுக்கா என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளாவிட்டால் சண்டை நிச்சயம்.

அந்த இரண்டடியைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2020 அக்டோபர் மழையில் இந்த நகரத்தில் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்பது நமக்குத் தெரியும். தார் போடும் ஒவ்வொரு முறையும் ரோடு உயருகிறது, உங்கள் தரை உயராது. மோட்டாருக்குள் தண்ணீர் போனால் வரும் செலவில் இன்னொரு முறை மொரம் அடித்துவிடலாம்.

அஸ்திவாரத்தைப் பற்றி ஹைதராபாத்வாசிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் காலடியில் இருப்பது கருங்கல் பாறை. மௌலாலி குன்றைப் பார்த்தாலே புரியும். ஒரு மனையில் மூன்றடியில் பாறை தட்டும், பக்கத்து மனையில் ஏழடி தோண்டினாலும் மண்தான். பாறை ஆழத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம், அதன் மேலேயே நிறுத்திவிடலாம். ஆனால் தரைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, செப்டிக் டேங்கும் சம்ப்பும் வர வேண்டிய இடத்தில் இருந்தாலோ, கம்ப்ரஸர் வைத்து உடைக்க வேண்டும். குடியிருப்புக்கு நடுவே வெடி வைக்க விடமாட்டார்கள். மண் தோண்டும் கூலிக்கும் பாறை உடைக்கும் கூலிக்கும் சம்பந்தமே கிடையாது. சில இடங்களில் இதற்கு நேர்மாறாகக் கரிசல் மண். இங்கே ரேகடி என்பார்கள். அது மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், தரையைத் தூக்கிவிடும். அதை எடுத்துவிட்டு மொரம் போட வேண்டியிருக்கும். எனவே பிளான் போடுவதற்கு முன்பே மனையின் மூலைகளிலும் நடுவிலும் ஆறடி ஆழத்துக்குச் சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். ஒரு நாள் கூலிதான். எஸ்டிமேட்டில் உள்ள மிகப்பெரிய சந்தேகம் அத்துடன் தீரும்.

சுவருக்கு வருவோம். சுற்றளவு 140 அடி, உயரம் 10 அடி, 1,400 சதுர அடி. ஷட்டருக்கு 100, ஒரு கதவுக்கு 21, நாலுக்கு நாலு ஜன்னல் ஆறுக்கு 96 என்று 217 கழித்தால் 1,183. முக்கால் அடி கனத்தால் பெருக்க 887 கன அடி, அதாவது 25 கன மீட்டர். கன மீட்டருக்கு 500 கல் என்றால் 12,500, சேதாரம் சேர்த்து 13,000 சொச்சம். இது ஸ்டாண்டர்ட் அளவுக் கல்லுக்கு. நாட்டுக் கல் சூளைக்குச் சூளை மாறும், பத்துக் கல்லை அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். திறப்புகளைக் கழிக்காமல் பில் போடும் மேஸ்திரிகள் உண்டு. 217 சதுர அடி என்பது சுவரில் ஆறில் ஒரு பங்குக்கு அருகில் வருகிறது, கவனியுங்கள்.

கூரையில் கதை தலைகீழ். 1,200 சதுர அடிக்கு 1,200 சதுர அடி ஷீட் போதும் என்று நினைப்பார்கள். பக்கவாட்டில் இரண்டடி, முன்னும் பின்னும் ஓரடி தாழ்வாரம், சரிவு எல்லாம் சேர்ந்தால் 1,450-ஐத் தாண்டும். ஷீட் மேல் ஷீட் ஏறுவதையும் சேர்த்தால் 1,600-ஐ நெருங்கும். விரித்த பரப்புக்குத்தான் பணம், ஏறுமானத்துக்குத் தனியாகக் கிடையாது என்பதே நம் நாட்டு அளவை முறை. தனியார் ஃபேப்ரிகேட்டர்கள் வாங்கிய ஷீட்டுக்கெல்லாம் பில் போடுவார்கள். எப்படியானாலும் சரி, முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இரும்புக்கு என் அனுபவக் கணக்கு, இந்த அளவு ஷெட்டுக்குத் தூண், டிரஸ், பர்லின் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு இரண்டரை முதல் மூன்றரை கிலோ. மூன்று என்று வைத்தால் 3,600 கிலோ. டிசைன் வந்ததும் சரியான எடை தெரியும். ஒன்று மட்டும் டிசைனரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: டிரஸ்ஸில் செயின் பிளாக் தொங்கவிடப் போகிறீர்களா? பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, மூன்று டன் காஸ்டிங்கைத் தூக்கும்போது கூரை வளைவதைப் பார்க்க வேண்டாம்.

கான்கிரீட் கம்பிக்கு எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரம் ஒன்று. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ. நூறு கம்பி வந்து இறங்கினால் 1,067 கிலோ. எடைமேடைச் சீட்டில் அதற்கு மேல் கணிசமாக இருந்தால் லாரிக்காரரைக் கேளுங்கள்.

இதுவரை சொன்னது கட்டடம். சதுர அடி ரேட்டில் வராதவை இன்னொரு பட்டியல். காம்பவுண்டு சுவர், கேட், சாய்தளம், போர்வெல், சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர்க் கால்வாய், மூன்று ஃபேஸ் இணைப்புக்கான டெபாசிட், உள் ஒயரிங், எர்த்திங், பிளான் அனுமதிக் கட்டணம். இவை கட்டடச் செலவில் கால் பங்குக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. மின் இணைப்பில், கேட்கும் குதிரைத்திறன் ஒரு வரம்பைத் தாண்டினால் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைக்கச் சொல்வார்கள். அது லட்சங்களில் போகும். ஆகவே மெஷின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் மின் அலுவலகத்துக்குப் போய்விட்டு, பிறகு ஆர்க்கிடெக்டிடம் போங்கள்.

வரியையும் மறக்கக் கூடாது. சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய எஸ்டிமேட்டை வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளலாம். தொழிலுக்காகக் கட்டுகிறோம், கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சொந்தக் கட்டடத்துக்கு அது கிடையாது. ஆனால் மெஷினுக்கும், மெஷினைத் தரையில் பொருத்தும் அஸ்திவாரத்துக்கும் உண்டு. பிரஸ்ஸோ பவர் ஹாமரோ போடுகிறவர்கள், அந்த அஸ்திவாரத்துக்குத் தனி அளவு, தனி பில் வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். கட்டடப் பில்லோடு கலந்துவிட்டால் அந்தத் தொகை போனதுதான்.

இனி பட்ஜெட். இதில்தான் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. கட்டடத்துக்கு முதலில், மெஷினுக்கு அடுத்து, மிச்சம் இருந்தால் தொழிலுக்கு என்று போகிறார்கள். நான் இதைத் திருப்பிப் போடச் சொல்வேன். சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், மூன்று மாதம் ஆகிறது என்பார்கள். அந்த மூன்று மாதமும் கூலி, மெட்டீரியல், கரண்ட், கடன் தவணை எல்லாம் கையிலிருந்து போக வேண்டும்.

சொந்தப் பணமும் கடனுமாக 45 லட்சம் இருக்கிறது, மனை ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3 லட்சம் வீதம் மூன்று மாதத்துக்கு 9 லட்சத்தைத் தொடாமல் எடுத்து வையுங்கள். மெஷினுக்கு 16. மீதி 20. அதில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கினால் 18 லட்சம். உங்கள் கட்டடம், மேலே சொன்ன வெளி வேலைகளையும் சேர்த்து, 18 லட்சக் கட்டடம். எஸ்டிமேட் 23 வந்தால் கட்டடத்தைத்தான் வெட்ட வேண்டும், ஒன்பதைத் தொடக்கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் முன்பக்கம் கண்ணாடி வைத்து மாடியில் ஆபீஸ் அறை கட்டினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் போய்ச் சாப்பிட்டோம். பிறகு ராடு வாங்கக் காசில்லாமல் மெஷின் இரண்டு மாதம் சும்மா நின்றது. கடைசியில் அந்தப் பையனுடைய அக்கா தன் வளையல்களைக் கொடுத்தாள்.

எதை வெட்டலாம்? உள் பூச்சு, ஆபீஸ் அறை, காம்பவுண்டில் பின்பக்கம், இவை காத்திருக்கும். நீளத்தையும் வெட்டலாம். டிரஸ் பத்தடிக்கு ஒன்று என்று இருப்பதால் 40 அடியை 30 ஆக்கினால் 900 சதுர அடி. கடைசி டிரஸ்ஸை முழு டிரஸ்ஸாகவே போட்டு, அந்தப் பக்கத்தைச் செங்கலால் அடைக்காமல் ஷீட்டால் அடைத்துவிட்டால், இரண்டு வருடம் கழித்துப் பத்தடி நீட்டுவது ஒரு வார வேலை. வெட்டக் கூடாதவை தரைக் கனம், பிளிந்த் உயரம், எர்த்திங், ஷீட் போல்ட். ஏப்ரல், மே மாதப் புழுதிக் காற்று எந்த ஷீட்டில் போல்ட் குறைவு என்று தேடிப் பிடித்துத் தூக்கும்.

காலத்துக்கும் விலை உண்டு. 15 லட்சம் கடனுக்குப் பத்து சதவீத வட்டி என்றால், முழுப் பணமும் எடுத்த பிறகு ஒவ்வொரு மாதத் தாமதமும் 12,500 ரூபாய். பழைய ஷெட் வாடகை அதற்கு மேல். ஜூனில் மழை பிடிப்பதற்குள் பிளிந்த்தும் கூரையும் முடியும்படி ஜனவரியிலேயே கடைக்கால் தோண்டுவது உத்தமம்.

பணம் கொடுப்பதில் ரயில்வே வழக்கம் ஒன்றைக் கடைப்பிடியுங்கள். கெட்டி அட்டை நோட்டு ஒன்றை மெஷர்மெண்ட் புக்காக வைத்து, டேப் பிடித்து அளந்து, மையால் எழுதி, மேஸ்திரியும் நீங்களும் கையெழுத்திட்ட பிறகே பணம். மூடப்படும் வேலைகளை, அதாவது அஸ்திவார ஆழம், கம்பி, மொரம் ஆகியவற்றை, மூடுவதற்கு முன் அளந்து போட்டோ எடுத்துவிடுங்கள். பேங்கிலும் கட்டிய அளவுக்குத்தான் பணம் விடுவார்கள், அங்கேயும் இந்த நோட்டு பேசும்.

பிளான் கையில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்நாகாவில் என் வீட்டுக்கு வரலாம். சோதனைக் குழி தோண்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. காபி உண்டு.